எலும்பு அம்புடுற இடம்

போன மாதம் என் தங்கை வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோன கையோடு, மணிக்கட்டு வழியாக ரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு, அடைப்பை எடுத்து, ஸ்டென்ட்டும் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் போனபோது மனிதர் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு இருந்ததால் இடது கையால் ஸ்பூன் பிடிக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்ததைவிட அவருக்கு அதுதான் பெரிய விஷயம். "இடது கையால தின்னா உடம்புல ஒட்டுமா?" என்று என் தங்கையிடம் சண்டை.

நான் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள் என்று தெரிந்ததும் அந்த வார்டு நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள்.

"இப்பல்லாம் தொடையில குத்துறது கொறைஞ்சு போச்சு சிஸ்டர். கையிலதான். அமுக்கினா உடனே நின்னுரும், கீழ எலும்பு இருக்குல்ல," என்றாள் ஒருத்தி, எனக்குப் பாடம் சொல்வது மாதிரி. "உங்க காலத்துல எங்கன குத்துவீக?"

"எங்க காலத்துல குத்துறதுக்கே பயப்படுவோம்," என்றேன்.

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலும்பு என்று அவள் சொன்னதுமே பழைய பயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். தேனி கடைத்தெருவில் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். கடையில் பல்லி விழுந்தால்கூட தெருவரைக்கும் ஓடுவேன். என்னை நர்ஸ் வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு எங்கள் சர்ச் ஆட்களே சிரித்தார்கள். அறுபதுகளின் கடைசியில் மதுரையில் படிப்பு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். அதன் பிறகு கம்பம் ரோட்டில் இருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே கிடந்தேன்.

அப்போதெல்லாம் மாரடைப்பு என்று ஒருவர் வந்தால் ஆக்சிஜன் வைப்போம், வலிக்கு ஊசி போடுவோம், வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்போம். மிச்சத்துக்கு நான் மனசுக்குள் ஜெபம் பண்ணுவேன். பிழைப்பவர் பிழைப்பார். எண்பதுகளின் பிற்பாதியில்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து எங்கள் பக்கம் வந்தது. இதயக் குழாயை அடைத்த கட்டியை அது கரைத்துவிடும். ஆனால் அந்த மருந்துக்கு இதயம் எது, மற்ற இடம் எது என்று தெரியாது. உடம்பில் எங்கே ஓட்டை இருந்தாலும் அங்கே அடைத்திருக்கிற ரத்தத்தையும் கரைத்து வழிய விட்டுவிடும்.

எங்கள் பெரிய டாக்டர் ராஜாமணி. ஒல்லியான மனிதர், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. கோபம் வந்தால் கத்தமாட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டே போவார். என்ன சொல்கிறார் என்று நாம் கிட்டே போய்க் குனிந்து கேட்க வேண்டும். கத்தினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அந்த மருந்தை நாங்கள் முதன்முதலில் கொடுத்தது மேகமலை எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்த ஒரு மேஸ்திரிக்கு. அந்தக் கரடுமுரடான ரோட்டில் குலுங்கி வந்து சேரும்போது கை கால் எல்லாம் ஜில்லிட்டு, கையில் ஊசி போட ஒரு ரத்த நரம்புகூடத் தட்டுப்படவில்லை. ட்யூட்டியில் இருந்த இளைய டாக்டர் தொடையிடுக்கில் ஊசியை விட்டார். முதல் குத்து நரம்புக்குப் பக்கத்தில் ஓடுகிற தமனியில் பட்டுவிட்டது. எடுத்து, அமுக்கிப் பிடித்து, நின்ற பிறகு பக்கத்தில் குத்தி நரம்பைப் பிடித்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மருந்து ஏறியது. வலி குறைந்தது. மேஸ்திரி முகத்தில் தெளிச்சி வந்து, "கொஞ்சம் கட்டன் சாயா கெடைக்குமா?" என்று கேட்டார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். குளிர்கிறது என்றதால் கம்பளியை நெஞ்சுவரை போர்த்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தாகம் தாகம் என்றார். வியர்த்தது. நாடி ஓடியது, பிரஷர் இறங்கியது. இதயம்தான் மறுபடி தொந்தரவு செய்கிறது என்று எல்லோரும் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் ராஜாமணி வந்து கம்பளியைத் தூக்கினார். விரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் தொடை வீங்கி நாவல்பழ நிறத்தில் இருந்தது. முதலில் குத்திய இடத்தில் ரத்தம் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே வயிற்றுப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மேலே எவ்வளவு அமுக்கினாலும் சதைதான் அமுங்கியது. பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். புதிதாக வருகிற நர்ஸாக இருந்தாலும், டாக்டராக இருந்தாலும், முதல் நாள் கூப்பிட்டு நிறுத்துவார். விரலுக்குத் தட்டுப்படுவதை அவர் அம்புடுவது என்பார்.

"ஒன் நாடியப் புடி. அமுக்கு. எலும்பு அம்புடுதா?"

"அம்புடுது சார்."

"நாடி நின்னுச்சா?"

"நின்னுருச்சு சார்."

"இப்ப கழுத்துல அமுக்கி நிறுத்து பாப்போம். முடியாதுல்ல? எலும்பு அம்புடுற இடத்துலதான் குத்தணும். அம்புடாத எடத்துல ஏற்கெனவே குத்தியிருந்தா அந்த மருந்து கெடையாது."

மருந்துக்கு ஒரு கையில் ஊசி, ரத்தம் எடுக்க மறு கையில் ஊசி. இரண்டையும் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு உடம்பில் யாரும் எதையும் குத்தக் கூடாது. கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்விகளும் மாறாது. கீழே விழுந்தாரா, பல் பிடுங்கினாரா, இடுப்பில் ஊசி போட்டாரா, எங்காவது காயம் உண்டா. நம் ஆட்களுக்கு ஊசி போடாவிட்டால் வைத்தியம் செய்த மாதிரியே இருக்காது. நெஞ்சு வலி என்றாலும் வருகிற வழியில் கம்பவுண்டரிடம் இடுப்பில் ஒன்று போட்டுக்கொண்டு வந்து, "போடலையே" என்பார்கள். அதனால் டாக்டர் கேட்பதோடு விடாமல் வேட்டியை விலக்கிப் பார்த்துவிடுவார். நானும் அந்தக் கம்பளியை மறக்கவில்லை. இன்றைக்கும் யாராவது போர்த்திப் படுத்திருந்தால் தூக்கிப் பார்க்கத்தான் கை போகிறது. வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

இனி, அதற்கு ஓரிரு வருஷம் கழித்து வந்த ஒரு சித்திரை மாதத்துக்கு வருகிறேன். வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா. ரோடு முழுக்க மஞ்சள் வேட்டியும் தீச்சட்டியும் கொட்டுச் சத்தமும். வெயிலில் மயங்கி விழுந்தவர்களால் எங்கள் வராந்தா நிரம்பியிருந்தது. நர்ஸுகளில் பாதிப் பேர் லீவு. மத்தியானத்தில் ஒரு வேன் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது.

தங்கராசு என்பவரை இறக்கினார்கள். சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர், நாற்பது வயது சொல்லலாம். விரதத்துக்கு வளர்த்த தாடி, முகமெல்லாம் திருநீறு, வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. தீச்சட்டி எடுத்து வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கொண்டுவந்த ஆட்கள் அவரைக் கட்டிலில் போட்டுவிட்டு, பாதியில் நின்ற நேர்த்திக்கடனை அவர் தம்பியை வைத்து முடிக்க வேண்டும் என்று திரும்பி ஓடிவிட்டார்கள். மனைவி பேச்சியம்மாள் மட்டும் நின்றாள். அதுவும் கட்டிலை விட்டுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு. புருஷன் இப்படிக் கிடக்கிறான், இவள் யாரோ மாதிரி நிற்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஈசிஜியில் மாரடைப்பு பளிச்சென்று தெரிந்தது. மதுரைக்கு அனுப்பலாம் என்றால் ரோட்டில் தேர்க்கூட்டம். டாக்டர் கேள்விகளை ஆரம்பித்தார்.

"விழுந்தாராம்மா?"

"இல்லைங்க, உக்காந்தாக."

"ஊசி எதுவும்?"

"இல்லைங்க."

"உடம்புல எங்கயாச்சும் காயம்?"

"ஒண்ணுமில்லைங்க."

டாக்டர் இடுப்பைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. இடது கையில் மருந்துக்கு ஊசி போட்டார். வலது கையில் காப்பைப் பார்த்துவிட்டு, "கயிறு இருக்கட்டும்," என்று முழங்கை மடிப்பில் இன்னொன்று போட்டார். நான் மருந்தைக் கலந்துகொண்டிருந்தேன். ஆஸ்பிரின் மாத்திரையை வாயில் வைத்து, "மெல்லுங்க," என்றார் டாக்டர். தங்கராசு ஒரு தடவை மென்றார், முகம் சுருங்கியது. மறுபடி மெல்லவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சை நனைத்து அவர் தாடியில் அப்பியிருந்த திருநீற்றைத் துடைத்தேன். இரண்டு கன்னத்திலும் நேருக்கு நேர் ஒரு ஓட்டை. காலையில்தான் அலகு குத்தியிருக்கிறார்கள். ஒரு கன்னத்தில் விட்டு மறு கன்னத்தில் வாங்கிய கம்பி; அவர் உட்கார்ந்ததும் உருவிவிட்டிருக்கிறார்கள்.

கலந்த மருந்து பாட்டில் என் இன்னொரு கையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் ஏற்றியிருப்போம்.

"காயமில்லன்னியேம்மா!" என்று கத்திவிட்டேன்.

பேச்சியம்மாள் மிரண்டு போனாள். "காயமில்லையே நர்சம்மா. அலகுல்ல? ஆத்தாளுக்குக் குத்துனது எப்படிக் காயமாகும்? ஒரு சொட்டு ரத்தம் வராதே."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது காயமே கிடையாது. அலகில் ரத்தம் வராது. வந்தால் விரதத்தில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது, ஆத்தாள் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் கேள்வியில்தான் அலகு என்ற சொல் இல்லாமல் போய்விட்டது.

டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றபடியே யோசித்தார். அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. நான் குனிந்து கேட்டேன்.

"குடுக்கலேன்னா இந்த ஆளு தாங்கமாட்டாரு. குடுத்தா கன்னம் ரெண்டும் ஒழுகும். கன்னத்துல எலும்பு இல்ல." கிராம்பை வாயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். "ஆனா உள்ளயும் விரல் போகும், வெளியயும் விரல் போகும். கட்டவிரல் உள்ள, ஆள்காட்டி வெளிய. நம்ம விரல்தான் எலும்பு. புடிச்சுக்கிருவியா?"

"ரெண்டு பக்கமும் ஒரே ஆள் பிடிச்சா, வாந்தி எடுத்தா தலையைத் திருப்ப முடியாது சார். பிரஷர் யாரு பாக்குறது?"

அவர் பிரஷரும் சொட்டும் பார்க்க வேண்டும். இன்னொரு நர்ஸ் வராந்தாவை விட்டு வர முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் பேச்சியம்மாளைப் பார்த்தோம்.

அவள் புரிந்துகொண்டு இரண்டடி பின்னால் போனாள். "அய்யோ, நா தொடக் கூடாது. காப்புக் கட்டியிருக்காக. காப்புக் கட்டுன நாள்லருந்து நா வேற பாயி, அவுக வேற பாயி. காப்பு இருக்கும்போது நா தொட்டா ஆத்தா அவரத்தான் கேப்பா."

அப்போதுதான் அவள் ஏன் தள்ளி நின்றாள் என்று எனக்கு உறைத்தது. எரிச்சல்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. அவளும் என் மாதிரிதான் பயந்துகொண்டிருந்தாள்; தொட்டால் அவர் செத்துப்போவார் என்று.

டாக்டர் அவளை அதட்டவில்லை. "தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலம்மா. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. இப்ப ரத்தம் வரும். அது ஆத்தா கோவமில்ல, நா குடுக்குற மருந்து. நாந்தான் வர வைக்கிறேன். பழி என்னைச் சேரும்," என்றார்.

மருந்து சொட்ட ஆரம்பித்தது. நான் கட்டிலின் வலது பக்கம் நின்று, கட்டுப்போடுகிற காஸ் துணியோடு கட்டைவிரலை அவர் வாய்க்குள் விட்டு வலது கன்னத்தைப் பிடித்தேன். இடது கையை அவர் முகத்துக்கு மேலே வளைத்து இடது கன்னத்தையும் பிடித்தேன். தங்கராசு கண் இமைக்காமல் என்னையே பார்த்தார். அவர் உயிர் என் விரலிடுக்கில் இருப்பதாக அவர் நினைத்தது அந்தக் கண்ணில் தெரிந்தது. கர்த்தாவே, கை நடுங்காமல் இருக்கட்டும் என்பது தவிர வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

கால் பாட்டில்கூட இறங்கியிருக்காது. துணி ஈரமானது. தாடி வழியாகச் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. பேச்சியம்மாள், "ஆத்தா! ஆத்தா!" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். அதே நேரத்தில் டாக்டர், "பிரஷர் எறங்குது. காலத் தூக்கணும்," என்றார். தங்கராசுவுக்குக் குமட்டியது. தலையைத் திருப்ப வேண்டும். நான் இடது கையை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தால் அந்தக் கன்னத்து ரத்தம் தொண்டைக்குள் போகும். எனக்குக் கண்ணுக்கு முன்னால் மேகமலைக் கம்பளி தெரிந்தது.

"பேச்சி," என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "கடவுள் கேட்டா என்னையக் காட்டு. நர்சம்மாதான் சொல்லுச்சுன்னு சொல்லு. வா தாயி."

அவள் அவர் மணிக்கட்டுக் காப்பைப் பார்த்தாள். அவர் தாடியைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், எனக்குக் கேட்கவில்லை. பிறகு நேராகக் குழாயடிக்குப் போனாள். "சோப்பு, முழங்கை வரைக்கும், நெகமெல்லாம்!" என்று கத்தினேன். கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். என் விரல் இருந்த இடத்தைக் காட்டினேன். கட்டைவிரலை உள்ளே விட்டு, துணியோடு இறுக்கிப் பிடித்தாள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கிள்ளிப் பழகிய விரல். நான் பிடித்ததைவிட அவள் பிடி பதமாக இருந்தது.

நான் தலையைத் திருப்பினேன், டாக்டர் காலைத் தூக்கிவைத்தார், சொட்டைக் குறைத்தார். பிரஷர் ஏறுகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கைப்பட்டையை மறுபடி மறுபடி இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கொட்டுச் சத்தம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவள், நடுவில் வாயைத் திறந்தபடி அவர். இதயம் திடீரென்று தாறுமாறாக அடித்தது. மானிட்டரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் பேச்சியம்மாள் முகத்தையே பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. துடைக்க இரண்டு பேருக்கும் கை இல்லை.

"அடைப்பு விடுது," என்றார் டாக்டர். "விடும்போது இப்படித்தான் குதிக்கும்." அவர் நெற்றியிலும் வியர்வை இருந்தது. கொஞ்ச நேரத்தில் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. ஈசிஜியில் மேலே தூக்கிக்கொண்டிருந்த கோடு மெல்ல இறங்கியது.

மருந்து முடிந்த பிறகும் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் டாக்டர் என் விரலை எடுக்கச் சொல்லிப் பார்த்தார், நின்றிருந்தது. பேச்சியம்மாளிடம், "எடும்மா," என்றார். அவளால் எடுக்க முடியவில்லை, விரல் மரத்துப்போயிருந்தது. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். வாய் விடுபட்டதும் தங்கராசு கேட்ட முதல் கேள்வி, "சட்டி என்னாச்சு?"

"ஒங்க தம்பி எடுத்துட்டுப் போயிருச்சு," என்றாள். சொல்லிவிட்டுப் பழையபடி தள்ளி நின்றுகொண்டாள்.

அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். எங்கள் கேள்விகளில் அலகும் சேர்ந்துகொண்டது. பேச்சியம்மாள் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவளைப் பாவம் செய்ய வைத்துவிட்டேன் என்று நினைக்கிறாள் போலும் என்று எனக்குப் பல நாள் உறுத்தியது.

அடுத்த வருஷம் அதே திருவிழாச் சமயம், காலையில் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தனியாக. மஞ்சள் சேலை, தலையில் ஈரம். அவளைத் தனியாகப் பார்த்ததும் ஓடிப்போய் எதிரே நின்றேன்.

"அவரு எங்க?" என்றேன்.

"நல்லாருக்காக." வலது கையை நீட்டினாள். மணிக்கட்டில் காப்புக் கயிறு. "அன்னைக்கு அவரத் தொடுறதுக்கு முன்னாடி ஆத்தாகிட்டச் சொன்னேன். விரதத்தக் கெடுக்குறது நானு, அவர விட்டுரு, அடுத்த வருசம் அலகு எனக்குன்னு. இன்னைக்குத்தான் போடப்போறாக. எங்கன குத்துனா அமுக்க முடியும்? காட்டுங்க நர்சம்மா."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் டாக்டர் வந்து நின்றிருந்தார். "காட்டு. நீ காட்டலேன்னாலும் குத்தத்தான் போறா," என்றார் தாழ்ந்த குரலில்.

கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் கன்னத்தில் கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டியை வெளியேயும் வைத்துக் காட்டினேன். கண்ணாடியில் பார்த்து அந்த இடத்தில் தானே மஞ்சளால் பொட்டு வைத்துக்கொண்டாள்.

"ரத்தம் வந்தா யாரு பிடிப்பா?" என்றேன்.

"அவரு பிடிச்சுக்கிருவாக."

"காப்புக் கட்டியிருக்கியே, அவரு தொடலாமா?"

"அதையும் ஆத்தாகிட்டக் கேட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

நான் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். குழாயடியில் தங்கராசு குனிந்து நின்றுகொண்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.